கல்லூரி ஆட்டக்காரருக்குப் பணம்: நான்கு வழிகள், அதில் எது நியாயம்?

2010-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்த ஏ.ஜே. கிரீன், ஒரு போட்டியில் தான் போட்டு ஆடிய சட்டையை 1,000 டாலருக்கு விற்றார். கல்லூரி ஆட்டக்காரர் ஆட்டத்தை வைத்துப் பணம் பார்க்கக்கூடாது என்பது அன்றைய விதி, அதனால் நான்கு ஆட்டங்கள் தடை. அவருடைய எட்டாம் எண் போட்ட சட்டைகள் அதே நேரத்தில் கடையில் விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்தன, அந்த வரும்படியில் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. இதில் தப்பு யார் மேல் என்று கேட்டால் என் பதில் என்றைக்கும் ஒன்றுதான்: அப்படி ஒரு விதியை எழுதி வைத்தவர்கள் மேல்.

அந்த விதி இப்போது பெரும்பாலும் செத்துவிட்டது. 2021-ல் பாதி போனது, 2025-ல் மீதியில் பெரும்பங்கு போனது. ஆனால் அதன் இடத்தில் எது வரவேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. நீதிமன்றம் ஒரு பக்கம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு பக்கம், பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கம் என்று இழுபறியாகவே கிடக்கிறது. பேச்சில் இருக்கும் வழிகள் நான்கு. ஸ்காலர்ஷிப் மட்டும் கொடுக்கும் பழைய அமெச்சூர் முறை. ஆட்டக்காரர் தன் பெயரையும் படத்தையும் வைத்து வெளியாரிடம் சம்பாதித்துக்கொள்ளும் முறை. பல்கலைக்கழகமே வருமானத்தில் பங்கு கொடுக்கும் முறை. ஆட்டக்காரரை வேலையாள் என்று ஒப்புக்கொண்டு சங்கத்தோடு பேசி சம்பளம் நிர்ணயிக்கும் முறை. இந்த நான்கையும் ஒப்பிடும்போது யாருக்கு எத்தனை டாலர் என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்றால் அந்தப் பையனோ பெண்ணோ யாரிடம் போய்க் கேட்பது? காலோ தோளோ போனால் செலவு யாருடையது? தண்டனை வந்தால் யார் தலையில் விழுகிறது? இந்த மூன்றையும் கேட்டால் வழிகளுக்கிடையே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதலில் பழைய முறை. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ 1906-ல் தொடங்கியது. கால்பந்து ஆட்டத்தில் (இங்கே கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்துதான்) மாணவர்கள் செத்துக்கொண்டிருந்ததுதான் அதற்கு உடனடிக் காரணம், அதாவது உயிரைக் காப்பாற்ற வந்த அமைப்பு. பணம் வாங்கக்கூடாது என்ற அமெச்சூர் கொள்கை அதற்கும் முன்னால் இங்கிலாந்தில் பிறந்தது. ஹென்லி படகுப் போட்டியில் கைத்தொழில் செய்பவரையும் கூலி வேலைக்காரரையும் சேர்க்கவே கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. வீட்டில் சொத்து இருப்பவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ள வைத்த வேலி அது. அந்த வேலியை அப்படியே கொண்டுவந்து, சாப்பாட்டுக்கே கஷ்டப்படும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளைச் சுற்றிக் கட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரே டென்னிசன் கதையை இந்த விஷயத்தைப் பேசும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடியவர், 1955-ல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையின்போது இறந்தவர் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. இந்த மாதிரி இழப்பீட்டு வழக்குகள் வரத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான் என்சிஏஏ இவர்களை "மாணவ விளையாட்டு வீரர்" என்றே எங்கும் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வால்டர் பையர்ஸ் பல பத்தாண்டுகள் அமைப்பை நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, இந்த ஏற்பாடே ஆட்டக்காரர்களுக்கு அநியாயம் என்று தானே எழுதினார்.

இனி, தண்டனை யார் தலையில் என்ற கேள்வி. டாலஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் வசதி படைத்த ஆதரவாளர்கள், அங்கே பூஸ்டர் என்பார்கள், ஒரு ரகசிய நிதி வைத்து 13 ஆட்டக்காரர்களுக்கு மாதம் 50 டாலரிலிருந்து 725 டாலர் வரை கொடுத்து வந்தார்கள், மொத்தம் 61,000 டாலர். ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டுத் தண்டனை வாங்கிய பிறகும் நிறுத்தவில்லை. 1987 பிப்ரவரியில் என்சிஏஏ அந்த வருஷத்துக் கால்பந்து சீசனையே ரத்து செய்தது. "மரண தண்டனை" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். 1988 சீசனையும் ஆட முடியாமல் பல்கலைக்கழகமே கைவிட்டது. சீசன் முடிவில் நல்ல அணிகளுக்கு மட்டும் நடக்கும் பௌல் ஆட்டம் ஒன்றுக்கு அந்த அணி மறுபடி தகுதி பெற 2009 ஆனது. சரி, பணம் கொடுக்கச் சொன்னது யார்? பல்கலைக்கழக ஆட்சிக் குழுத் தலைவராக இருந்த பில் கிளெமென்ட்ஸ், வாக்குக் கொடுத்த பையன்களுக்குத் தொடர்ந்து கொடுத்துவிடலாம் என்று குழுவில் சிலர் முடிவெடுத்ததை 1987 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். அப்போது அவர் டெக்சஸ் மாநில ஆளுநர். பதவிக்காலம் முடியும்வரை ஆளுநராகவே இருந்தார்.

கல்லூரிக் கால்பந்து நட்சத்திரம் ரெஜி புஷ் விஷயமும் இதே திசைதான். ஏஜென்ட் ஆக ஆசைப்பட்டவர்கள் அவருக்கும் குடும்பத்துக்கும் பணமும் தங்க வீடும் கொடுத்தார்கள் என்று 2010-ல் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வருஷ பௌல் தடையும் 30 ஸ்காலர்ஷிப் வெட்டும் வந்தன. பயிற்சியாளர் பீட் கேரல் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சியாட்டில் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். புஷ் காலத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள்தான் அந்தத் தடையை அனுபவித்தார்கள். சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரர் என்று வாங்கி, பிறகு புஷ் திருப்பிக் கொடுத்த ஹைஸ்மன் கோப்பை 2024-ல் அவருக்கே திரும்பி வந்தது, அந்தப் பையன்களுடைய இரண்டு வருஷம் திரும்பி வராது.

பழைய முறைக்காக வாதாடுபவர்கள் சொல்வதில் ஒன்று உண்மை, அதை மறைக்க மாட்டேன். கால்பந்து வருமானம்தான் நீச்சலையும் டென்னிஸையும் மல்யுத்தத்தையும் தூக்கி நிறுத்துகிறது. நம்மூர்ப் பிள்ளைகளும் அதில் பலனடைந்திருக்கிறார்கள். சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றார். மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடியபடியே இந்திய டேவிஸ் கோப்பை அணிக்கு வந்தார். வீட்டில் கோடிகள் இல்லாமல் டென்னிஸில் மேலே போக இதைவிட நல்ல பாதை குறைவு.

ஆனால் அந்த டென்னிஸ் பிள்ளைகளையும் பழைய விதி விட்டுவைக்கவில்லை. ரீஸ் பிரான்ட்மையர் என்ற பெண் 2021 யுஎஸ் ஓபனில் ஆடி ஏறத்தாழ 49,000 டாலர் பரிசு வென்றார். கல்லூரியில் ஆட வேண்டுமானால் அதில் 10,000 டாலரும் செலவுத் தொகையும் போக மீதியை விட்டுவிட வேண்டும் என்பது அப்போதைய விதி. யாரும் திருட்டுத்தனமாகக் கொடுத்த பணமா அது? களத்தில் ஜெயித்து வாங்கிய காசு. 2024-ல் அவர் வழக்குப் போட்டார். அதற்கு இருபது வருஷம் முன்னால், குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஆடிய ஜெரமி புளூம், அந்த விளையாட்டுக்காக விளம்பர வருமானம் வாங்கியதால் கொலராடோ கால்பந்து அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒரு விளையாட்டில் வாங்கிய காசு இன்னொரு விளையாட்டில் எப்படி அசுத்தமாகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2014-ல் கனெக்டிகட் கூடைப்பந்து அணியை சாம்பியன் ஆக்கிய ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகள் பசியோடு படுக்கப் போகிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். அந்த மாதமே சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அவர் சொல்லியிருக்காவிட்டால்?

பழைய முறையை நேர்மையாக நடத்துபவர்களும் உண்டு. ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் என்சிஏஏ-வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை. அங்கே வந்து ஆடுபவர் படிக்கத்தான் வருகிறார். அவர்களுக்கு அது சரியான வழி, மாற்றச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. பல கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அதே கொள்கையைப் பேசுவதுதான் பிரச்சினை. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டிக்கு மட்டும் 2016-ல் 8 வருஷ நீட்டிப்புக்கு 880 கோடி டாலர் பேசினார்கள்.

இரண்டாவது வழி, பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிப்பது. அங்கே என்ஐஎல் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். கலிஃபோர்னியா 2019-லேயே சட்டம் போட்டது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு படிப்பு சம்பந்தமான சலுகைகளைப் பற்றியதுதான், ஆனாலும் அதற்குப் பிறகு விளம்பர வருமானத்தைத் தடுக்க அமைப்புக்குத் தெம்பில்லை. ஜூலை 1 முதல் அனுமதித்துவிட்டது. இதனால் பெண்களுக்குக் கிடைத்தது பெரிய லாபம். தொழில்முறையில் சம்பளமே அதிகம் இல்லாத ஜிம்னாஸ்டிக்ஸில் லிவ்வி டன் கல்லூரியில் இருக்கும்போதே நட்சத்திரமாகச் சம்பாதித்தார். கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆடும்போதே பெரிய விளம்பரங்களில் வந்தார். இந்த உரிமையை யாரும் இனிமேல் பறிக்கக்கூடாது.

ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு பிரச்சினை தீர்ந்தது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பழைய பூஸ்டர்கள் "கலெக்டிவ்" என்று ஒரு குழுவை வைத்து, விளம்பரம் என்ற பெயரில் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆட்டத்தால் சம்பாதிக்கும் பல்கலைக்கழகம் கைக்காசு போடவில்லை, வெளியார் போட்டார்கள், அதனால் வாக்கு தவறினால் கேட்க நாதியில்லை. ஜேடன் ரஷாடா என்ற பையனுக்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தால் 1.385 கோடி டாலர் என்று ஒப்பந்தம் வந்தது, பிறகு அது ரத்தானது. 2024-ல் அவர் பயிற்சியாளர் மேலேயே வழக்குப் போட்டார். அதே வருஷம் நெவாடா லாஸ் வேகஸ் பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, சொன்ன பணம் வரவில்லை என்று கூறி மூன்று ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார், அந்த மூன்றிலும் அணி ஜெயித்திருந்தது. அவருக்கு வாயால் சொல்லப்பட்டதாகப் பேசப்பட்ட தொகை 1,00,000 டாலர். பல்கலைக்கழகம் தன் தரப்பை வேறு மாதிரிச் சொன்னது. யார் சொல்வது சரி என்பதை விடுங்கள், எழுத்தில் இல்லாத ஒரு வாக்கை நம்பி இருபது சொச்சம் வயதுப் பிள்ளை ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருப்பதுதான் இந்த வழியின் கோளாறு.

அப்புறம் விசா. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் போகும் பிள்ளை அமெரிக்காவுக்குள் விளம்பர வேலை செய்து பணம் வாங்கினால் அது அனுமதியில்லாத வேலை ஆகிவிடலாம். பர்டூ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ஸாக் எடி, கனடாக்காரர், நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிய வருஷங்களில் கூட அணித்தோழர்கள் சம்பாதித்த மாதிரி சம்பாதிக்க முடியவில்லை.

மூன்றாவது வழி இப்போது நடைமுறையில் இருப்பது. ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6-ல் ஒப்புதல் கொடுத்த சமரசத்தின்படி, முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்து வருஷத்தில் போகும். சேர்ந்துகொள்ளும் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் 2025-26-ல் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகத் தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம். கொடுப்பவரே சம்பாதிப்பவர் என்பதால் இரண்டாவதைவிட இது பல படி மேல். எழுத்தில் ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டவர் யார் என்றும் தெரியும்.

இதில் எனக்குள்ள மனக்குறை மூன்று. அந்த 2.05 கோடி என்ற உச்சவரம்பை ஆட்டக்காரர்கள் யாரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்ளவில்லை, வக்கீல்கள் பேசி முடித்தது. வெளியாரிடம் 600 டாலருக்கு மேல் வாங்கினால் இதற்கென்று வைத்த ஒரு சரிபார்ப்பு அமைப்பில் காட்டி, அது "உண்மையான வியாபார நோக்கம்" உள்ளதா என்று சான்று வாங்க வேண்டும், ஆகவே முறைகேடான பணம் எது என்று மேலே இருப்பவர்கள் தீர்மானிக்கும் பழக்கம் மறுபடி வந்துவிட்டது. பங்கு பிரிப்பதிலும், பல இடங்களில் முக்கால் பங்கு கால்பந்துக்கு, கிட்டத்தட்ட 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கு, பெண்கள் கூடைப்பந்துக்கும் மற்றவர்களுக்கும் மிச்சம் என்றுதான் கணக்கு போடுகிறார்கள். பெண்களுக்குச் சமவாய்ப்பு கோரும் டைட்டில் ஒன்பது சட்டத்தை வைத்து மேல்முறையீடுகள் போயிருப்பதில் ஆச்சரியமே இல்லை. சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் வரும் முன்பே கலிஃபோர்னியாவில் கால் பாலி பல்கலைக்கழகம் செலவைக் காரணம் காட்டி நீச்சல் அணியை மூடிவிட்டது. இந்த இடத்தில் பணமில்லை என்ற பேச்சை நான் அப்படியே நம்புவதில்லை: டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்ப மட்டும் 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒத்துக்கொண்டது. சின்னப் பல்கலைக்கழகத்தின் கஷ்டம் நிஜம், பெரியவற்றின் கஷ்டம் அவர்களே தேடிக்கொண்டது.

நான்காவது வழிதான் என் தேர்வு: கால்பந்திலும் கூடைப்பந்திலும் பெரிய அணிகளில் ஆடுபவர்களை வேலையாட்கள் என்று ஒப்புக்கொள்வது, சங்கம் அமைக்க விடுவது. முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் கால்பந்து வீரர்கள் கெய்ன் கோல்ட்டர் தலைமையில் மனு போட்டு, தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரியிடம் ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் தலைமை வாரியம் இதை விசாரிக்க மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கூடைப்பந்து வீரர்கள் 13-க்கு 2 என்ற கணக்கில் சங்கத்துக்கு வாக்களித்தார்கள், அந்த வருஷக் கடைசியில் அரசியல் காற்று மாறப்போவது தெரிந்து மனுவைத் திரும்பப் பெற்றார்கள். 2024 ஜூலையில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி ஆட்டக்காரர் சில நிலைகளில் வேலையாள் ஆகலாம் என்று கதவைத் திறந்தது.

இதை ஏன் தேர்ந்தெடுக்கிறேன் என்றால், என் மூன்று கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. வாக்கு தவறினால் சங்கம் கேட்கும். அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடு, டென்னிசனின் மனைவிக்கு மறுக்கப்பட்ட அதே இழப்பீடு. தண்டனை விதிகளையும் இரண்டு தரப்பும் உட்கார்ந்து எழுதும். பல்கலைக்கழகங்களுக்கும் இதில் லாபம் உண்டு, அவர்கள்தான் பார்க்க மறுக்கிறார்கள். தொழில்முறை அணிகள் ஆடும் தேசிய கால்பந்து லீகில் சம்பள உச்சவரம்பு நீதிமன்றத்தில் நிற்பதற்குக் காரணம், வீரர் சங்கம் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பது. சங்கம் இல்லாமல் வைக்கும் உச்சவரம்பு ஒவ்வொன்றும் வியாபாரப் போட்டியை நசுக்குவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் அடுத்த வழக்கை வரவழைக்கும். பல வருஷமாக வழக்கு மேல் வழக்காகத் தோற்கும் அமைப்புக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எது?

வேலையாள் ஆனால் சரியாக ஆடாதவனை வேலையை விட்டு எடுத்துவிடுவார்களே என்கிறார்கள். 1973-லிருந்து 2012 வரை ஸ்காலர்ஷிப்பை வருஷா வருஷம் புதுப்பிக்கும் முறைதான் இருந்தது, பயிற்சியாளருக்குப் பிடிக்காவிட்டால் பையனுக்கு அடுத்த வருஷம் கிடையாது. எடுத்துவிடும் அதிகாரம் அப்போதே முழுசாக இருந்தது, எதிர்த்துக் கேட்கும் உரிமைதான் இல்லை. உண்மையான சிக்கல்கள் வேறு: மாநில அரசின் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலத் தொழிலாளர் சட்டம்தான் பொருந்தும், சில மாநிலங்கள் அரசு ஊழியருக்குச் சங்கப் பேச்சுவார்த்தை உரிமையே தருவதில்லை. ஸ்காலர்ஷிப்பின் மேல் வருமான வரி விழுமா என்ற பயமும் நியாயமானது. இரண்டுக்கும் காங்கிரஸ் சட்டம் போட வேண்டும். விசா விஷயத்தில் எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்ய இப்போதே அனுமதி உண்டு. பல்கலைக்கழகமே முதலாளி என்று எழுத்தில் வந்தால், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வழியாக ஏதாவது கிடைக்க வாதாட இடம் வரும்.

கல்லூரியை விட்டுவிட்டு நேராகத் தொழில்முறைக்குப் போகட்டுமே என்று சொல்பவர்களுக்கு ஒரு வரி: தேசிய கால்பந்து லீக் பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாதவரைச் சேர்ப்பதில்லை, தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ 19 வயது கேட்கிறது. வேறு வாசலை அடைத்துவிட்டு இந்த வாசலில் காசு கேட்காதே என்பது பேரமே இல்லை.

ஆக, பெரிய வருமானம் உள்ள விளையாட்டுகளுக்கு நான்காவது வழி, அது வரும்வரை மூன்றாவது. பெயரை விற்கும் உரிமை எல்லோருக்கும். ஐவி மாதிரி இடங்களுக்கு அவர்கள் வழி. உங்கள் வீட்டுப் பிள்ளை இப்போதே அமெரிக்கக் கல்லூரிகளோடு பேசிக்கொண்டிருந்தால் காங்கிரஸுக்காகக் காத்திருக்க முடியாது, அதனால் கையெழுத்துக்கு முன்னால் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். ஸ்காலர்ஷிப் எத்தனை வருஷத்துக்கு, பயிற்சியாளர் மாறினால் அது நிற்குமா? ஆடும்போது பட்ட காயத்துக்கு, கல்லூரியை விட்ட பிறகும் குறைந்தது இரண்டு வருஷம் மருத்துவச் செலவைப் பார்க்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டிலிருந்து பெரிய அணிகள் ஆடும் என்சிஏஏ முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு விதி இருக்கிறது. அதை இவர்கள் எப்படிச் செய்கிறார்கள், எந்த அலுவலகத்தில் கேட்பது என்று பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள். எஃப்-1 விசா என்றால், ஒரு டிஷர்ட் விளம்பரத்துக்காக யாராவது 200 டாலர் நீட்டினாலும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். வாயால் சொன்னது எதையும் கணக்கில் எடுக்காதீர்கள், சொல்பவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சரி.